கரண்டிச் சத்தமும் ஐந்து பேரும்: பாய்மரப் படகில் சேர்ந்து வாழ ஒரு முழுமையான வழிகாட்டி

மூன்றாவது வாரம் ஒரு கரண்டிக்காக நானும் இன்னொருவரும் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. இருவருமே நாற்பதைத் தாண்டியவர்கள். நான் கரண்டியைக் கழுவாமல் தொட்டியில் போட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டேன். இரவு காற்று பலத்துப் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓட ஆரம்பித்ததும், அலைக்கு அலை அது தொட்டியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போய் 'டங்' என்று மோதியது. தொட்டிக்குப் பின்னால் மெல்லிய பலகைச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் தலை. விடியற்காலை 3 மணிக்கு அவர் வாட்ச், அதாவது முறைவைத்து விழித்திருந்து படகைப் பார்த்துக்கொள்ளும் காவலுக்கு, ஏற வேண்டும். அன்றைக்கு அவர் தூங்கியது ஒன்றரை மணி நேரம்.

காலையில் அவர் சொன்னது: "உனக்கு அடுத்தவன் மேல அக்கறையே கிடையாது." நான் பதிலுக்குச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

12 மீட்டர் நீளப் படகு, ஐந்து பேர், ஏழு மாதம். அதில் எனக்குப் புரிந்தது இதுதான். படகில் எந்தச் சண்டையும் குணத்தைப் பற்றிய சண்டையாகத்தான் வாயில் வரும். கிளறிப் பார்த்தால் அடியில் தூக்கமோ தண்ணீரோ மின்சாரமோ இடமோ கிடக்கும். இந்த நான்கையும் முதலிலேயே ஒழுங்கு செய்துகொண்டால் பாதிப் பேரின் குணம் தானாக நன்றாகிவிடுகிறது. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த எண்ணத்தில் எழுதியவைதான். வரிசையில் முதலிரண்டு மட்டும் முக்கியம். மற்றவற்றை உங்கள் படகுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

படி 1: ஏறுவதற்கு முன் பேசி முடிப்பது

பணம், அதிகாரம், வெளியேறும் வழி. இந்த மூன்றையும் கரையில் நின்றே பேசிவிடுங்கள். கயிறு அவிழ்த்த பிறகு பேசினால் அது பேரம் ஆகிவிடும்.

பணத்தில் சாப்பாடு, டீசல், துறைமுகக் கட்டணம் ஆகியவற்றைப் பொதுவில் போட்டுப் பகிர்வது எளிது. சிக்கல் வருவது பழுதில். பாய் கிழிந்தால் யார் செலவு? தேய்ந்து போனது கிழிந்ததா, யாரோ தவறாக இழுத்ததால் கிழிந்ததா என்று நடுக்கடலில் யாராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது. நாங்கள் வைத்துக்கொண்ட விதி: படகின் உடலோடு ஒட்டியிருப்பது எது பழுதானாலும் படகுக்காரர் செலவு, தின்பதும் எரிவதும் எல்லோர் செலவு. துல்லியமான நியாயம் இல்லைதான். ஆனால் விவாதத்துக்கு இடம் வைக்காத விதி.

அதிகாரத்தைப் பொறுத்தவரை, படகுக்கும் அதில் உள்ளவர்களுக்கும் சட்டப்படி பொறுப்பு கேப்டனுக்குத்தான். அதனால் பாதுகாப்பு சார்ந்த முடிவு அவருடையது. எங்கே போவது, எத்தனை நாள் தங்குவது என்பதெல்லாம் எல்லோருடையது. இதில் நாங்கள் ஒரு திருத்தம் செய்தோம். காற்று கூடும்போது பாயின் பரப்பைச் சுருக்கச் சொல்லும் உரிமை எல்லோருக்கும் உண்டு, "ஏன்?" என்று கேட்கும் உரிமை யாருக்கும் இல்லை. சுருக்கலாமா என்று யோசனை வந்துவிட்டாலே சுருக்கும் நேரம் வந்துவிட்டது என்று மாலுமிகள் சொல்வதுண்டு. புதிதாக வந்தவர் பயத்தைச் சொல்லக் கூச்சப்படுவார். அந்தக் கூச்சத்தால் பத்து நிமிடம் தாமதமானால், அதே வேலையை இரண்டு மடங்கு காற்றில் செய்ய வேண்டி வரும்.

வெளியேறும் வழி: அடுத்த துறைமுகத்தில் யார் வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் இறங்கலாம். வீடு திரும்பும் பயணச்சீட்டுக்கான பணத்தை ஒவ்வொருவரும் தனியாக எடுத்து வைக்க வேண்டும். போக முடியும் என்று தெரிந்தவர்தான் மனதார இருப்பார். அடைபட்டிருக்கிறோம் என்ற நினைப்பு வந்துவிட்டால் நல்ல மனிதர்கூட ஒரு மாதத்தில் சிடுமூஞ்சி ஆகிவிடுகிறார்.

இதெல்லாம் பேசிய பிறகும் மாதக்கணக்கில் ஒப்புக்கொள்ளாதீர்கள். முதலில் நான்கு நாள் சேர்ந்து போய்ப் பாருங்கள், அதில் குறைந்தது ஒரு முழு இரவாவது கடலில் இருக்க வேண்டும். இந்தியக் கடற்படையின் தாரிணி என்ற 17 மீட்டர் படகில் ஆறு பெண்கள் 2017 செப்டம்பரில் கிளம்பி, 254 நாளில் உலகைச் சுற்றி வந்தார்கள். அவர்கள் அதற்கு முன்பே, 2016-ல், மொரீஷியஸ் வரை பயிற்சிப் பயணம் போய் வந்தவர்கள். தொழில்முறை மாலுமிகளுக்கே ஒத்திகை வேண்டியிருக்கிறது. விடுமுறையில் அறிமுகமான நண்பர்களுக்கு வேண்டாமா?

படி 2: தூக்கத்தைப் பங்கிடுவது

மற்ற வழிகாட்டிகள் இதைப் பின்னால் வைப்பார்கள். நான் மேலே கொண்டுவந்துவிட்டேன், காரணம் அந்தக் கரண்டி.

கடலில் படகு இரவும் பகலும் ஓடும். 1972-ம் ஆண்டின் சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளில் 5-வது விதி, எந்நேரமும் கண்ணாலும் காதாலும் கண்காணிப்பு இருக்க வேண்டும் என்கிறது. ஆறு கடல் மைல் தொலைவில் கண்ணுக்குத் தெரியும் சரக்குக் கப்பல் மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் வந்தால், 18 நிமிடத்தில் உங்கள் மேல் இருக்கும். நீங்களும் அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தால் அந்த அவகாசமும் இல்லை. ஆகவே ஒருவர் விழித்திருந்தே ஆக வேண்டும், அவரை நம்பி மற்றவர்கள் தூங்கியே ஆக வேண்டும்.

இரண்டே பேர் என்றால் மூன்று மணி நேரம் விழிப்பு, மூன்று மணி நேரம் தூக்கம், வேறு வழியில்லை. ஐந்து பேர் இருந்தால் நாங்கள் செய்தது சிறந்தது என்று இன்றும் நினைக்கிறேன். நான்கு பேர் ஆளுக்கு மூன்று மணி நேரம் வாட்ச், பிறகு ஒன்பது மணி நேரம் ஓய்வு. கேப்டன் வரிசையில் சேரமாட்டார். ஆனால் எந்த நேரமும் எழுப்பலாம், எழுப்பினால் முகம் சுளிக்கக்கூடாது. ஒரே ஆளுக்கே தினமும் அந்தக் கொடுமையான 3 மணி வாட்ச் வராமலிருக்க, பழைய கப்பல்களில் மாலை 4 முதல் 8 வரையிலான வாட்சை இரண்டாக உடைப்பார்கள். அதனால் சுற்று ஒவ்வொரு நாளும் ஒரு படி நகரும். பல நூறு மாலுமிகள் சண்டை போட்டுத்தான் இதைக் கண்டுபிடித்திருப்பார்கள்!

இனி எழுப்பும் முறை. இதில்தான் நட்பு வளர்வதும் தேய்வதும்.

அடுத்தவரை 15 நிமிடம் முன்பே எழுப்புங்கள். முகத்தில் டார்ச் அடிக்காதீர்கள். இருட்டுக்குக் கண் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரு வெள்ளை வெளிச்சம் பட்டால் அத்தனையும் போச்சு. சிவப்பு விளக்கு வைத்துக்கொள்ளுங்கள். தோளைத் தொட்டு, பெயரைச் சொல்லி, மேலே குளிரா மழையா, எந்தச் சட்டை வேண்டும் என்று சொல்லுங்கள். அவர் வரும்போது சூடாக ஏதாவது கையில் கொடுங்கள். ஒப்படைக்கும்போது திசை, காற்று, எந்தப் பாய் எவ்வளவு விரிந்திருக்கிறது, எந்தக் கப்பல் எந்தப் பக்கம், வழக்கத்துக்கு மாறாக ஏதாவது சத்தம் உண்டா என்பதைச் சொல்லி, அவர் திருப்பிச் சொன்ன பிறகே கீழே இறங்குங்கள்.

வாட்சுக்கு வருபவர் தாமதிக்கவே கூடாது. ஐந்து நிமிடம்தானே என்று தோன்றும். அந்த ஐந்து நிமிடம் நண்பரின் தூக்கத்திலிருந்து எடுத்தது. பத்து நாள் கழித்து அது "இவன் எப்போதுமே இப்படித்தான்" என்று திரும்பி வரும்.

இரவில் தனியாக இருக்கும்போது காக்பிட்டை, அதாவது சுக்கானைப் பிடித்து உட்காரும் பள்ளமான இடத்தை, விட்டு மேல்தளத்துக்குப் போகக்கூடாது. போக வேண்டுமானால் ஒருவரை எழுப்பிவிட்டுத்தான். கீழிருந்து படியேறி வெளியே வருவதற்கு முன்பே ஹார்னஸ் (உடலில் பூட்டும் பாதுகாப்பு வார்) கயிற்றின் கொக்கியைப் படகில் மாட்டியிருக்க வேண்டும். மணிக்கு ஆறு கடல் மைல் ஓடும் படகு ஒரு நிமிடத்தில் 185 மீட்டர் போய்விடும். இருட்டில், அலைகளுக்கு நடுவில், அந்தத் தூரத்தில் ஒரு தலையைத் தேடுவதை நினைத்துப் பாருங்கள். எங்கள் படகில் வாட்ச் மாறும்போது வணக்கத்துக்குப் பதில் "கொக்கி?" என்றுதான் கேட்டுக்கொள்வோம்.

தனியாகப் போனால் இந்தத் தொல்லை இல்லையே என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. தனியாளாக முதன்முதலில் உலகைச் சுற்றிய ஜோஷுவா ஸ்லோகம், 1895-ல் அசோர்ஸ் தீவுகளைத் தாண்டியதும் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளாமல் வயிற்றுவலியில் சுருண்டு கிடந்தார். அப்போது உயரமான ஓர் ஆள் சுக்கானைப் பிடித்திருப்பது அவர் கண்ணுக்குத் தெரிந்தது. கொலம்பஸின் பிண்டா கப்பலின் வழிகாட்டி என்று அந்த ஆள் தன்னை அறிமுகம் செய்துகொண்டாராம். வேண்டியபோது ஆள் இல்லையென்றால் மனம் ஓர் ஆளை உண்டாக்கிக்கொள்கிறது போல.

படி 3: இடம்

பெட்டி கொண்டுவராதீர்கள், மடித்துச் சுருட்டி வைக்கக்கூடிய துணிப்பை போதும். கெட்டியான பெட்டியை வைக்கப் படகில் இடமே இருக்காது. யாரோ ஒருவர் கால்மாட்டில் அது ஏழு மாதமும் கிடக்கும். ஆளுக்கு ஓர் அலமாரி, அதற்குள் அடங்குவதுதான் உங்கள் உடைமை. பொதுப் பொருள் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம். இருட்டில் கையை நீட்டினால் டார்ச் கிடைக்க வேண்டும். இது ஒழுங்குப் பைத்தியம் அல்ல. ஒரு நள்ளிரவில் கத்தி தேவைப்பட்டது. சிக்கிய கயிற்றை அறுக்க வேண்டும். யாரோ அதை எடுத்துப் பழம் நறுக்கிவிட்டு வேறெங்கோ வைத்திருந்தார்கள். மறுநாள் நானே அதற்கு உறை தைத்து ஏணிக்குப் பக்கத்தில் மாட்டினேன்.

உப்பு ஈரத்தோடு உள்ளே வந்து மெத்தையில் உட்காருவது நாங்கள் வைத்திருந்த பட்டியலில் முதல் குற்றம். கடல் உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மெத்தையில் ஒருமுறை ஏறிவிட்டால் நல்ல தண்ணீரில் அலசும்வரை அது முழுதாகக் காயாது. அலசத்தான் தண்ணீர் இல்லையே.

தனிமைக்குச் சுவர் கிடையாது, அதனால் அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். எங்கள் படகில் அணியத்தில், அதாவது முன்முனையில், கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர் 'வீட்டில் இல்லை'. பேசக்கூடாது, சாப்பிடவும் கூப்பிடக்கூடாது. முதலில் எல்லோரும் சிரித்தோம். இரண்டாவது மாதம் அந்த இடத்துக்கு வரிசை நிற்க ஆரம்பித்துவிட்டது.

படி 4: தண்ணீர்

எங்கள் படகின் இரண்டு தொட்டிகளிலும் சேர்த்து 400 லிட்டர். கரையில் பத்து நிமிடம் ஷவரில் நிற்பவர் 80, 100 லிட்டரைச் சாதாரணமாகக் கீழே விடுகிறார். அந்தக் கணக்கில் நான்கைந்து குளியலில் தொட்டி காலி. பதினான்கு நாள் பயணம், ஐந்து பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்றால் 280 லிட்டர். மீதி 120 லிட்டர் ஆபத்துக்கு. காற்று செத்துப்போனால் இன்னும் ஆறு நாள் தாங்கும்.

பாத்திரத்தைக் கடல்நீரில் கழுவிவிட்டு, கடைசியில் தெளிப்பான் புட்டியால் நல்ல தண்ணீர் நாலு பீச்சு. குளியலும் கடல்நீரில்தான். சோப்புக்கட்டி உப்புத் தண்ணீரில் நுரைக்காது, ஷாம்பு நுரைக்கும். முடிவில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரால் உப்பை வழித்துவிடலாம். இரண்டு தொட்டிகளுக்கும் நடுவிலுள்ள வால்வை மூடியே வையுங்கள். ஒன்று ஒழுகினாலோ கெட்டுப்போனாலோ மற்றது தப்பும்.

இதெல்லாம் எந்தக் கையேட்டிலும் இருக்கும். நான் சொல்ல வந்தது வேறு. முதல் பயணத்தில் நான்காம் நாளே தொட்டியின் அளவு எதிர்பார்த்ததைவிடக் கீழே இருந்தது. யார் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் குழாய்ச் சத்தம் கேட்டதும் எல்லோர் தலையும் திரும்பியது. இரண்டு நாள் அந்தச் சந்தேகத்திலேயே போனது. கேப்டன் யாரையும் எதுவும் சொல்லாமல் மின்மோட்டாரை நிறுத்திவிட்டார். காலால் மிதித்துத்தான் இனித் தண்ணீர் எடுக்க வேண்டும். மிதித்து எடுக்கும்போது ஒவ்வொரு குவளையும் கணக்கில் வந்துவிடுகிறது. செலவு குறைந்தது, யார் குற்றவாளி என்பது கடைசிவரை தெரியவில்லை. தெரியாமல் போனது நல்லதுக்குத்தான், அது நானாகக்கூட இருக்கலாம்.

படி 5: மின்சாரம், கழிப்பறை, அடுப்பு

மூன்றையும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஈய-அமில பேட்டரியில் எழுதியிருப்பதில் பாதியைத்தான் எடுக்கலாம். 400 ஆம்பியர்-மணி என்றால் 200. ஓய்வில் இருக்கும்போது 12.7 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 காட்டினால் ஏறத்தாழப் பாதி. வாட்ச் முடித்து இறங்குபவர் வோல்ட்டை நோட்டில் எழுத வேண்டும். 1,200 வாட் தலைமுடி உலர்த்தியை இன்வெர்ட்டரில் போட்டால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் என்பதை எங்களில் ஒருவர் செய்துகாட்டித் தெரிந்துகொண்டோம்.

கழிப்பறையில் வாய்வழியாக உள்ளே போய் வந்ததைத் தவிர வேறெதுவும் விழக்கூடாது, காகிதம்கூடக் குப்பைக் கூடைக்குத்தான். ஆண்களும் உட்கார்ந்துதான், படகு ஆடுகிறது, நீங்கள் ஆடாமல் இருக்க முடியாது. கைப்பம்பை 20 தடவையாவது அடியுங்கள், குழாயின் மேல்வளைவைத் தாண்டினால்தான் போனது திரும்பி வராது. முடித்ததும் உள்நீர் வால்வை மூடுங்கள், மறந்தால் கடல் அந்த வழியாக உள்ளே வரக்கூடும். அடைப்பு வந்தால் அடைத்தவரே எடுக்க வேண்டும் என்று முதலில் விதி வைத்தோம். விளைவு, யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்பவருக்கு ஒருவர் துணையாக வரவேண்டும் என்று மாற்றினோம், உண்மை உடனே வெளியே வந்தது. ஆடும் படகில் ஒருவர் குழாயைப் பிடிக்க, ஒருவர் வாளியைப் பிடிக்க, அந்த வேலையைச் சேர்ந்து செய்தவர்களிடம் எனக்கு இன்றைக்கும் தனி மரியாதை.

சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் வெளியே போகாமல் படகின் அடிவயிற்றில் போய்த் தேங்கும். ஒரு பொறி போதும். சமைத்து முடித்ததும் சிலிண்டர் வால்வை மூடி, "மூடியாச்சு" என்று சத்தமாகச் சொல்லுங்கள். பாத்திரத்தைப் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். சமைத்தவர் கழுவ வேண்டாம்.

படி 6: முதல் மூன்று நாள் யாரையும் எடைபோடாதிருப்பது

கடல்நோய் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். அதுவரை அவர் சோம்பேறி போலவும், சுயநலக்காரர் போலவும், கோபக்காரர் போலவும் தெரிவார். உண்மையில் அவர் செத்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு அது உள்ளே தங்காது. கீழே படிக்கவோ குனிந்து தேடவோ விடாமல், மேலே உட்காரவைத்துச் சுக்கானைக் கொடுத்து அடிவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வாந்தி எடுக்க ஓரத்துக்குப் போனால் கொக்கி மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வாளி இன்னும் பத்திரம்.

எங்களில் முதல் வாரம் அசையவே முடியாமல் கிடந்தவர்தான் ஐந்தாம் மாதப் புயலில் பதினொரு மணி நேரம் சளைக்காமல் நின்றார். முதல் வாரத்தில் நான் அவரைப் பற்றி நாட்குறிப்பில் எழுதிய பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

படி 7: நங்கூரம் போடும்போது கத்தாமலிருக்க

துறைமுகத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பவர்களுக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடையாது. சுக்கானில் ஒருவர், அணியத்தில் ஒருவர், நடுவில் பத்து மீட்டர், என்ஜின் சத்தம், எதிர்க்காற்று. ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது. கேட்க வேண்டும் என்று கத்துவார், கேட்பவருக்கு அது கோபமாக மட்டும்தான் கேட்கும். திருமணமானவர்கள் இங்கேதான் அதிகம் சண்டை போடுகிறார்கள்.

கைச்சைகைகளை முன்பே முடிவு செய்யுங்கள்: முன்னால், பின்னால், நிறுத்து, இடது, வலது, நங்கூரம் இறங்கிவிட்டது. ஆறு போதும். எவ்வளவு சங்கிலி என்பதையும் முன்பே கணக்குப் போடுங்கள். ஆழம் 5 மீட்டர், நீர்மட்டத்திலிருந்து அணியத்தின் உயரம் 1 மீட்டர், ஏற்றத்தில் நீர் இன்னும் 2 மீட்டர் உயரும் என்றால் மொத்தம் 8; அதைப்போல் ஐந்து மடங்கு, 40 மீட்டர் சங்கிலி. பெரும்பாலும் கயிறுதான் என்றால் ஏழு மடங்கு. இறங்கியதும் என்ஜினைப் பின்னோக்கி ஓட்டி இழுத்துப் பாருங்கள். கரையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும் இரண்டு பொருள்களைக் குறித்துக்கொண்டு அவை விலகுகின்றனவா என்று கவனியுங்கள்.

சரி, தப்பாகப் போய்விட்டது, பக்கத்துப் படகை உரசப் பார்த்தோம். என்ஜினை நிறுத்திய பிறகு ஒரு மணி நேரம் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். ஒரு மணி நேரம் கழித்து, தேநீரோடு, யார் என்ன பார்த்தோம் என்று மட்டும் சொல்லுங்கள். பாதி நேரம் இருவர் சொல்வதும் சரியாகவே இருக்கும்.

படி 8: வாரத்துக்கு ஒருமுறை உட்காருவது

கரண்டிச் சண்டைக்குப் பிறகு ஆரம்பித்தது இது. ஞாயிற்றுக்கிழமை மாலை, காக்பிட்டில், இருபது நிமிடம். ஒவ்வொருவரும் தன்னை உறுத்திய ஒரு சின்ன விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஒன்றுமில்லை என்று சொல்லக்கூடாது. பொருளைப் பற்றிச் சொல்லலாம், குணத்தைப் பற்றிக் கூடாது. 'நீ அக்கறையில்லாதவன்' செல்லாது, 'இரவில் தொட்டியில் எதுவும் கிடக்க வேண்டாம்' செல்லும். கேட்பவர் "சரி" என்று மட்டும் சொல்லலாம், விளக்கம் கூடாது. ஒரு வாரத்துக்கு மேல் பழசான புகார் காலாவதி. இந்தக் கடைசி விதிதான் எங்களைக் காப்பாற்றியது. அன்றன்றைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று வந்துவிட்டதால் யாரும் சேர்த்து வைக்கவில்லை.

நான் வாட்சில் ஒரே மெட்டை மூன்று மணி நேரமும் முனகுகிறேன் என்பது எனக்கு ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. அதுவரை எல்லோரும் எப்படிப் பொறுத்தார்களோ!

இரண்டு பேர் மட்டும் தனியாகக் குசுகுசுப்பதைத் தவிருங்கள். பலகைச் சுவர் ஒரு விரல் கனம்கூட இல்லை, எல்லாம் கேட்கும். கணவனும் மனைவியும் வந்திருந்தால் விவாதத்தில் துணைக்குத் துணை போகாமலிருக்கப் பழக வேண்டும். இல்லாவிட்டால் மற்ற மூவருக்கு அது எப்போதும் இரண்டு ஓட்டுள்ள ஒரே ஆள்.

படி 9: இறங்குவது

நான்காவது மாதம் ஒருவர் இறங்கினார். சண்டை எதுவும் இல்லை. போதும் என்று தோன்றிவிட்டது, அவ்வளவுதான். பயணச்சீட்டுப் பணம் கையில் இருந்ததால் இரண்டே நாளில் முடிந்தது. யாரும் காரணம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஐந்தாம் மாதத்திலிருந்து அவர் இடத்தில் புதிதாக ஒருவர் வந்தார், அவருக்காக முதல் படியிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி பேசினோம். பேசாமல் விட்டிருந்தால் பழைய நான்கு பேரின் வீட்டுக்கு அவர் விருந்தாளியாகவே இருந்திருப்பார்.

நீங்கள் இறங்கும்போது அலமாரியைத் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசிய துணியால் இன்னொரு முறை துடைத்துக் கொடுங்கள். உங்களுக்கு மட்டும் தெரிந்ததை ஒரு தாளில் எழுதிவிட்டுப் போங்கள்: எந்த வால்வு இறுகும், எந்த ஜன்னல் எந்தக் காற்றில் ஒழுகும், எந்தக் கயிறு உள்ளுக்குள் தேய்ந்திருக்கிறது. கணக்கை அன்றைக்கே, படகிலிருந்து கால் எடுப்பதற்கு முன்பே, தீர்த்துவிடுங்கள். கரைக்குப் போய் மின்னஞ்சலில் பார்த்துக்கொள்ளலாம் என்று நாங்கள் விட்ட ஒரு டீசல் கணக்கு இன்னும் முடியவில்லை.